துடைக்காமல் விட்ட சந்தனம்

மேமலைத் தோட்டம்,
பசறை.
11.02.2024

அன்புள்ள சாந்திக்கு,

எனக்குச் சுகம். நீயும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். இந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போன் எடுக்காது. ரோட்டு வளைவு வரை ஏறிப் போனால்தான் எடுக்கும். அப்படி ஏறிப் போய் உனக்கு எடுத்தாலும், இரண்டு பேரும் மற்றவர் மூச்சு விடுகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். அதனால் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன்.

இங்கே எனக்கு பிட்டர் வேலை. கொழுந்து அரைக்கிற ரோலர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடுபனி இறங்கினால் இரும்பெல்லாம் வியர்க்கிறது. இரவு துடைத்து வைத்த இடம் விடியும்போது மஞ்சளாகப் பூத்திருக்கும். அதைப் பார்க்கும்போது நம் கடைசல் பட்டறைதான் ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் நம் இரும்பு. அதுவும் சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வைத்த கோலத்திலேயே பூட்டிக் கிடக்கிறது. மற்ற வருடங்களில் மறுநாள் விடியவே சந்தனத்தைத் துடைத்துவிடுவேன். இந்த முறை விடியும்போது பிள்ளைக்குக் காய்ச்சல். அதன் பிறகு ஆஸ்பத்திரி, அதன் பிறகு சாவுத் துடக்கு. முப்பத்தோராம் நாள் காரியம் கழித்த பிறகும் எனக்குத் திறக்க மனம் வரவில்லை. அது உனக்குத் தெரியும்.

நீதான் திறக்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பழைய வேட்டித் துணியால் எல்லாவற்றையும் துடை. பிறகு காய்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, புதுக் கிறீஸ் தடிப்பாகப் பூசு. தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாள் போகப் பிசினாகி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கழிவு ஒயிலும் வேண்டாம், அதில் இரும்பை அரிக்கிற சரக்கு இருக்கிறது. பொலித்தீன் போட்டு இறுக்கிக் கட்டாதே, உள்ளே வியர்த்து நாசமாகிவிடும். துடைத்த பிறகு வெறுங்கையால் எதையும் தொடாதே, கை வியர்வையில் உப்பு இருக்கிறது.

முதலில் மேசை மேல் இருக்கிற அந்த இரும்பு மட்டத் தட்டைப் பார். லேத் கெட்டால் திருத்தலாம். கடைந்த சாமானை வைத்து மட்டம் பார்க்கிற தட்டில் துரு குழி விழுத்தினால் அதைத் திருத்த முடியாது. அதை முதலில் துடைத்துவிடு.

இப்படிக்கு,
நேசராசா


பிள்ளையார் துணை

ஆரையம்பதி.
25.02.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. மலைக் குளிர் உங்கள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கிறா. உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், இரும்பின் உடம்பைப் பற்றி ஒரு பக்கம். நான் ஒரு லேத்தாகப் பிறந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் கிறீஸ் கிடைத்திருக்கும். கோபப்பட வேண்டாம், சும்மாதான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பட்டறையைத் திறந்தேன். பூட்டுக்குள் திறப்புத் திரும்பவில்லை. என் தையல் மெசின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டுக் காத்திருந்து திறந்தேன். உள்ளே கற்பூர வாசம் இன்னும் நிற்கிறது. படையலில் வைத்த கடலையை எலி முடித்துவிட்டது. செவ்வந்தி மாலை கை பட்டதும் தூளாகக் கொட்டியது. லேத்திலும் துளை போடுகிற மெசினிலும் நீங்கள் பொட்டு வைத்த இடங்களில் சந்தனம் காய்ந்து உரிந்திருந்தது. ஒவ்வொரு பொட்டுக்கும் அடியில் அதே அளவில் துரு. சாமிக்கென்று வைத்தது இரும்பைத் தின்னும் என்று நான் நினைத்ததே இல்லை.

நீங்கள் சொன்னபடி மண்ணெண்ணெய், பிறகு கிறீஸ். அம்மா வாசலில் கதிரை போட்டு இருந்து, "இவ்வளவு கிறீஸ் பூசினா அது வழுக்கிக்கொண்டு வாவிக்க போயிடும் புள்ள" என்றா. கன காலத்துக்குப் பிறகு நான் சிரித்தேன். சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது.

மட்டத் தட்டின் மேல் பூசைக்குப் போட்ட சிவப்புப் பட்டு அப்படியே கிடக்கிறது. அதை இன்னும் எடுக்கவில்லை. கை ஓய்ந்துவிட்டது, அடுத்த கிழமை பார்க்கிறேன்.

நம் பிள்ளை கம்சாயினி போன பிறகு நீங்கள் இரண்டு மாதத்துக்கு மேல் இந்த வீட்டில் இருந்தீர்கள். அத்தனை நாளில் பேசியதைவிட இந்த ஒரு கடிதத்தில் அதிகம் பேசியிருக்கிறீர்கள். பரவாயில்லை, இரும்பைப் பற்றியே எழுதுங்கள். ஆனால் எழுதுங்கள். சித்திரை வருடத்துக்கு வருவீர்கள்தானே?

இப்படிக்கு,
உங்கள் சாந்தி


(அனுப்பாமல் வைத்த கடிதம்)

ஆரையம்பதி.
02.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு வார்த்தை வரவில்லை. இன்றைக்குத் தட்டின் மேல் கிடந்த சிவப்புப் பட்டை எடுத்தேன். அடியில் நான் வைத்த வெற்றிலை. காய்ந்து தட்டோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கினேன். தட்டின் நடுவில் நம் பிள்ளையின் கை இருக்கிறது.

ஐந்து விரலும் விரித்தபடி. சுண்டுவிரல் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கிறது, அவளுக்கு வளைந்திருக்குமே அப்படியே. உள்ளங்கை முழுக்கப் படவில்லை, நடுவில் ஒரு சின்ன இடம் துரு இல்லாமல் மினுங்குகிறது. சந்தனம் எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் துருவாக நிற்கிறது.

உங்களுக்குத் தெரியாது. பூசையன்று நீங்கள் தேங்காய் உடைக்க வாசலுக்குப் போனீர்கள். அவள் சந்தனக் கிண்ணத்துக்குள் கையை முழுக்க விட்டாள். "இது பெரிய தட்டும்மா, இதுக்கு ஒரு பொட்டு மட்டும் காணாது" என்று சொல்லி அப்படியே அழுத்திவிட்டாள். தட்டை வெறுங்கையால் தொட்டால் நீங்கள் விடமாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரியும். நான், "அப்பா கண்டா ஏசுவார்டி" என்றேன். முகம் சுருங்கிப் போனது. "அப்பாட்ட சொல்லாதீங்கம்மா, மறுகா நான் துடைச்சிருவன்" என்றாள். நானும் ஓம் என்று சொல்லி வெற்றிலையால் மூடி, மேலே பட்டையும் இழுத்துவிட்டேன். நீங்கள் கற்பூரத்தோடு உள்ளே வர, என் சீலைக்குப் பின்னால் கையை ஒளித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சீலையில் சந்தனம் இருந்தது. துடக்குக் கழிக்கிற நேரம் யாரோ அதைத் துவைத்துவிட்டார்கள்.

மறுநாள் காய்ச்சல். அதற்குப் பிறகு அவள் என்னிடம் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்னிடம் கடைசியாகக் கேட்ட பெரிய காரியம் இதுதான், அப்பாவிடம் சொல்லாதே என்று. நான் ஓம் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளை இல்லை என்பதற்காக அந்த வாக்கை மீறலாமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிக்கொண்டு வரும்போதே மீறிக்கொண்டிருக்கிறேன். இதை அனுப்ப


பிள்ளையார் துணை

ஆரையம்பதி.
10.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே இருவரும் நலம். இந்த மாதம் மழை விட்டுவிட்டது. நீங்கள் இருமல் மருந்தை நிறுத்தாமல் குடிக்க வேண்டும்.

தட்டைத் திறந்து பார்த்தேன். நடுவில் கொஞ்சம் துரு இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். துருவைத் தேய்த்து எடுக்காமல், அதே நேரம் மேலே வளரவும் விடாமல், இருக்கிற அளவிலேயே நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா?

இப்படிக்கு,
உங்கள் சாந்தி


மேமலைத் தோட்டம்,
பசறை.
24.03.2024

அன்புள்ள சாந்திக்கு,

சுகம். இருமல் குறைந்துவிட்டது. மாமியின் முழங்காலுக்கு இங்கே கிடைக்கிற ஒரு தைலம் அனுப்புகிறேன்.

நீ கேட்டதுபோல யாரும் கேட்டதில்லை. துருவை யாரும் வைத்துக்கொள்வதில்லை, சாந்தி. அது சும்மா இருக்கிற சாமான் இல்லை. விட்டால் பக்கத்தில் உள்ள நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். மேலே தூளாக உதிரும், அடியில் குழி இறங்கும். கொஞ்ச நாளில் முதலில் இருந்த வடிவமே தெரியாமல் போய்விடும்.

செய்ய வேண்டியது இதுதான். துருவின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு ஊறவிடு. விடிய, ஆக மெல்லிய எமறிக் கடதாசியில் ஒயில் தொட்டு, ஒரே போக்கில் நேராகத் தேய். வட்டமாகத் தேய்க்காதே. பார்த்துக்கொண்டு தேய்க்க வேண்டும் என்றில்லை. கண்ணை மூடிக்கொண்டும் தேய்க்கலாம், கைக்குத் தெரியும். தேய்த்து முடிந்ததும் கிறீஸ் பூசி மூடிவிடு.

அளவுக் கருவிகள் இருக்கிற மேசை லாச்சிக்குள் இரண்டு கற்பூரக் கட்டி போடு, அந்த வாசம் இரும்பைக் காக்கும். சுண்ணாம்புக் கல்லை ஒரு தகர ரின்னில் போட்டு மூலையில் வை, கல் தூளானால் மாற்று. அலுமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிடு. சூடு இருந்தால் ஈரம் அண்டாது.

சித்திரைக்கு வர முடியாது. லீவு இல்லை.

இப்படிக்கு,
நேசராசா


பிள்ளையார் துணை

ஆரையம்பதி.
20.04.2024

அன்புள்ள மச்சானுக்கு,

வருடப் பிறப்பு வந்து போனது. பாற்சோறு பொங்கவில்லை, மருத்துநீர் மட்டும் கோயிலில் வாங்கித் தலையில் வைத்தோம். அம்மாவுக்குத் தைலம் கேட்கிறது. உங்களுக்கு லீவு இல்லை என்பதை அம்மா நம்பிவிட்டா. நான் நம்பவில்லை.

கற்பூரம் போட்டேன், சுண்ணாம்பு வைத்தேன். பல்பும் எரிகிறது. பட்டறைக்குள் வெளிச்சம் தெரிவதால் முன்வீட்டு ஜெமீலா மாமி மதிலுக்கு மேலால் எட்டி, "மருமகன் வந்துட்டாரா கா?" என்று கேட்டா. லேத்துக்குக் குளிராமல் இருக்க விளக்கு என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனா. லேத்தில் இரும்பைப் பிடிக்கிற சுழல் தலையைக் கிழமைக்கு ஒருதரம் கையால் சுற்றியும் விடுகிறேன், நீங்கள் முன்னே செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

வளவுக்குள் அவளுக்கென்று போட்ட அத்திவாரத்தில் புல் முளைத்துவிட்டது. பெண் பிறந்த நாளில் இருந்து வீட்டுக்குக் கல் சேர்ப்பது நம் ஊர் வழக்கம், நீங்கள் மற்றவர்களைவிடக் கெதியாகவே தொடங்கிவிட்டீர்கள். புல்லைப் பிடுங்கப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். பள்ளிச் சட்டை தைக்கக் கொண்டுவருபவர்களிடம் இரண்டாம் வகுப்பு அளவு மட்டும் தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எப்போது வருவீர்கள்? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சாந்தி


மேமலைத் தோட்டம்,
பசறை.
19.05.2024

அன்புள்ள சாந்திக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மாமி சொல்ல வேண்டியதில்லை.

தட்டைத் தேய்த்தாயா? எல்லாவற்றையும் எழுதினாய், அதை எழுதவில்லை. கச்சான் காற்றுத் தொடங்கியிருக்கும், வாவியின் உப்பெல்லாம் பட்டறைக்குள்தான் வரும். வாவிப் பக்க யன்னலைச் சாத்தி வை. தட்டை விடாதே. தட்டில் ஒரு இடம் இறங்கினால் பிறகு எதை வைத்தும் மட்டம் பார்க்க முடியாது.

எப்போது வருவேன் என்று கேட்டாய். வந்து என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே தோட்டத்து ஆட்களின் லய வீடுகளில் ஒரு பிள்ளை பின்னேரத்தில் "அப்பா" என்று கூப்பிடும். அதன் தகப்பனைத்தான் கூப்பிடுகிறது. நான் கையில் உள்ள நட்டு முறுக்குகிற சாவியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். இத்தனை மாதத்தில் அது பழகியிருக்க வேண்டும், பழகவில்லை. இங்கேயே இப்படி என்றால், அவள் ஓடித் திரிந்த இடத்தில் நான் எப்படி நிற்பது? பட்டறையில் எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தால் ஒருவேளை வரலாம். தட்டைத் தேய்த்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
நேசராசா


மேமலைத் தோட்டம்,
பசறை.
07.07.2024

அன்புள்ள சாந்திக்கு,

நான் கடிதம் போட்டு ஒன்றரை மாதம், உன்னிடமிருந்து பதில் இல்லை. வளைவுக்கு ஏறி எடுத்தேன், மாமிதான் பேசினா. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று அறிந்து நிம்மதி.

தட்டு உனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது என்று விளங்குகிறது. காத்தான்குடி ஸாஹிரிடம் கதைத்திருக்கிறேன். அவனுடைய பட்டறையில் வேலை ஓடுகிறது, நல்ல தட்டு இல்லை. நம்முடையதைக் கொண்டுபோய் தேய்த்துச் சுத்தமாக்கிப் பாவிக்கச் சொன்னேன். பாவிக்கிற இரும்பு துருப்பிடிக்காது. அவன் வேலை தெரிந்த கை. நீ பார்க்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம்.

இப்படிக்கு,
நேசராசா


ஆரையம்பதி.
21.07.2024

மச்சானுக்கு,

அம்மா சுகம். என்னைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த நாள் நான் வீட்டில் இல்லை. உன்னிச்சை ஊரில் இருக்கிற அக்காவுக்குக் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். அக்காவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தான். திரும்பி வந்து பட்டறைக்குள் போனால் தட்டு இருந்த மேசை வெறுமையாக இருந்தது. "ஸாஹிர் தம்பி வந்தவர் புள்ள, மருமகன் கொண்டுபோகச் சொன்னவராம், குடுத்துட்டன்" என்றா அம்மா. ஓட்டோ பிடித்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன்.

ஸாஹிர் நானா பட்டறைக்கு வெளியே நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்தார். "தங்கச்சி, நான் பாக்கல்ல. எமறியப் புடிச்சி நாலு இழுவை இழுத்த புறகுதான் கண்டன். புள்ளட கை. அதோட நிப்பாட்டிட்டன். அல்லாவுக்காக என்னப் பொறுத்துக்கொள்ளுங்க" என்றார். பிள்ளையை எடுத்த அன்று மையித்துக்கு வந்து நின்ற மனுசன் அவர், அவர்மேல் எனக்கு என்ன கோபம். தட்டைத் தன் சாரத்தால் சுற்றி அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பெருவிரல் இல்லை. அடுத்த இரண்டு விரலும் இல்லை. உள்ளங்கையில் பாதி இல்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன.

விளங்கியிருக்கும். விளங்காவிட்டால், மார்ச் மாதம் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், படியுங்கள். இவ்வளவு காலமும் நான் தினமும் அதற்குத் தையல் மெசின் எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். கோழியிறகால் தொட்டு, விரல் விரலாக. அது வளரவும் இல்லை, உதிரவும் இல்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கால் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அது போனது. யாரை நான் ஏச? என்னைத்தான் ஏச வேண்டும். ஆனால் உங்களையும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாந்தி


பிள்ளையார் துணை

ஆரையம்பதி.
25.08.2024

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். என் கடிதமும் அதோடு வைத்ததும் கிடைத்ததா? ஒரு மாதம் போய்விட்டது. கோபத்தில் எழுதினேன். கோபம் இப்போது இல்லை, பயம்தான் இருக்கிறது. நீங்கள் எழுதாவிட்டால் நான் பஸ் ஏறி அங்கே வருவேன். மலை ரோட்டில் எனக்கு வாந்தி வரும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் எழுதிவிடுங்கள்.

மிச்சம் இருக்கிற இரண்டு விரலுக்கும் எண்ணெய் போடுகிறேன். தேய்த்த இடம் பளபளவென்று கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சாந்தி


மேமலைத் தோட்டம்,
பசறை.
22.09.2024

அன்புள்ள சாந்திக்கு,

உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. உன் கடிதம் வந்த நாள் முதல் எழுத உட்கார்கிறேன். இரும்பைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

எனக்குத் தெரியும், சாந்தி. அன்றைக்கே தெரியும்.

கற்பூரத்தோடு உள்ளே வரும்போது உன் சீலைக்குப் பின்னால் இருந்து சந்தனம் ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தது. பட்டு ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. நீங்கள் இருவரும் சாப்பிடப் போன பிறகு வெற்றிலையைத் தூக்கிப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. துடைக்கத் துணியும் எடுத்தேன். பிறகு, விடிய அவளைக் கூட்டிவந்து, "பட்டறைக்க ஆரோ கள்ளன் வந்திருக்கான், கையடையாளம் விட்டுட்டுப் போயிருக்கான், வா ஒவ்வொருத்தர்ர கையா வச்சிப் பாப்பம்" என்று விளையாடலாம் என்று நினைத்தேன். அவள் எப்படி முழிப்பாள் என்று நினைத்து இரவு படுக்கையில் சிரித்தேன். என்னவென்று நீ கேட்டாய், ஒன்றுமில்லை என்றேன். அதற்காகத்தான் துடைக்காமல் விட்டேன். என் வாழ்நாளில் தட்டில் ஈரத்தை விட்டுவிட்டுப் படுத்தது அன்றைக்கு மட்டும்தான்.

விடிய அவளுக்குக் காய்ச்சல்.

பட்டறையைத் திறக்க எனக்கு ஏன் முடியவில்லை என்று இப்போது உனக்கு விளங்கும். அந்தக் கை உள்ளே இருந்தது. நான் விளையாடப் போகிறேன் என்று அது காத்துக்கொண்டிருந்தது. அது இருக்கும் வரை நான் அந்த வீட்டுக்கு வர முடியாது என்று நினைத்தேன். கண்ணால் பார்த்து என் கையால் தேய்க்கவும் முடியவில்லை. அதனால் உன்னைத் தேய்க்கச் சொன்னேன். வெற்றிலைக்கு அடியில் எல்லாம் குழம்பித் துருவாகியிருக்கும், உனக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். நீ தேய்க்காமல் விட்டபோது பாவம் ஸாஹிரை அனுப்பினேன். தேய்த்தது ஸாஹிர் இல்லை, நான்தான். நீ உன்னை ஏசாதே.

நீ அனுப்பாத கடிதத்தைப் படித்தேன். அப்பாவிடம் சொல்லாதே என்று அவள் சொன்னதை நான் அறியவில்லை. என் ஏச்சுக்கு அவ்வளவு பயந்தாளா என்று முதலில் நெஞ்சு வெடித்தது. பிறகு, துடைச்சிருவன் என்று சொன்னாளே, என்னை மாதிரியே சொல்லியிருக்கிறாளே என்று நினைத்தேன். இரண்டையும் நினைத்து அழுதேன். இங்கே வந்த பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

மார்ச் மாதம் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். வழி இருக்கிறது. தெரிந்துகொண்டே இல்லை என்று எழுதினேன். காற்றும் ஈரமும் படாமல் பார்த்தால் துரு இருந்த இடத்திலேயே நிற்கும். நீ போட்ட எண்ணெய்தான் சரியான எண்ணெய். கிறீஸ் பூசியிருந்தால் துடைக்கும்போது இழுத்துக்கொண்டு வந்திருக்கும். இனி, உச்சி வெயிலில் தட்டை வெளியில் வை. தொட்டால் சுடும் வரை இருக்கட்டும், துருவுக்குள் ஒளிந்திருக்கிற ஈரம் போகும். துணி படக்கூடாது. சூடு ஆற முன் கோழியிறகால் எண்ணெய் விடு. பிறகு அதற்கு மேல் தேன்மெழுகை உருக்கி மெல்லிசாக ஊற்ற வேண்டும். அக்காவிடம் சொன்னால் உன்னிச்சையில் தேன் எடுக்கிற ஆட்களிடம் மெழுகு வாங்கித் தருவா.

மெழுகை நீ ஊற்றாதே. நான் ஊற்றுகிறேன். அடுத்த மாதம் பூசைக்கு முந்தின நாள் இங்கிருந்து வாறன். இந்த முறை லீவு கேட்கவில்லை, வேலையை விட்டுவிட்டேன். மெழுகு மூடுவதற்கு முன் அந்த இரண்டு விரலையும் ஒருதரம் பார்க்க வேண்டும்.

உன்,
நேசராசா


பிள்ளையார் துணை

ஆரையம்பதி.
01.10.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அம்மா சுகம். நானும் இன்றைக்குச் சுகம் என்று எழுதலாம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை, நீங்கள் வருகிறீர்கள் என்று மட்டும் சொன்னேன். உடனே மீன்காரனிடம் சொல்லி வைக்கப் போய்விட்டா, பூசைக் காலத்தில் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை என்பதும் மறந்து போச்சு.

அன்று இரவு நீங்கள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னவென்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றீர்கள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு, உங்களுக்குத் தெரியாது என்று. பக்கத்தில் அவள் படுத்திருந்தாள். மூன்று பேரும் ஒன்றையே ஒளித்துக்கொண்டு ஒரு பாயில் படுத்திருக்கிறோம்.

தட்டை நேற்று வெயிலில் வைத்து எடுத்தேன். மெழுகு வந்துவிட்டது. ஸாஹிர் நானா, மெழுகுக்கு மேல் மூட ஒரு கண்ணாடி வெட்டித் தருகிறேன் என்று அளவு எடுத்துக்கொண்டு போனார். தேய்த்துப் பளபளக்கிற இடத்தையும் சேர்த்துத்தான் மூடப்போகிறோம், அதுவும் அவளுடைய கை இருந்த இடம்தானே. பூசைக்கு மற்ற மெசின்களுக்குச் சந்தனம் வைப்போம். விடிய ஆறு மணிக்கே இரண்டு பேருமாகத் துடைத்துவிடுவோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். அவள் அறிந்தால் முகம் சுருங்கிப் போவாள். அதனால் நீங்கள் வந்து பட்டறைக்குள் நுழையும்போது, அன்றைக்கு மாதிரியே, முதலில் கொஞ்ச நேரம் அதைக் காணாதவர் போல நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சாந்தி